கிளென் இருக்கிறானா, இல்லையா?

2016 அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஏ.எம்.சி. தொலைக்காட்சியில் ‘தி வாக்கிங் டெட்’ தொடரின் ஏழாவது சீசன் தொடங்கியபோது ஏறத்தாழ 1.7 கோடிப் பேர் திரைமுன் இருந்தார்கள். முந்தைய சீசன் ஏப்ரல் 3-ஆம் தேதி முடிந்ததிலிருந்து அவர்களைக் குடைந்துகொண்டிருந்தது ஒரே கேள்விதான். இருட்டுக் காட்டில் வரிசையாக மண்டியிட்டிருக்கும் 11 பேரில், நீகன் என்ற கொடியவன் யாரை அடித்துக் கொன்றான்?

அடி விழுந்ததை ஏப்ரலிலேயே காட்டிவிட்டார்கள். அடி வாங்கியவரைத்தான் காட்டவில்லை. சாகப்போகிறவரின் கண்ணாகவே கேமரா மாறியது. முள்கம்பி சுற்றிய பேஸ்பால் மட்டை நேரே பார்ப்பவரை நோக்கி இறங்கியது. திரையில் ரத்தம் வழிந்தது, பிறகு இருட்டு. அந்த இருட்டோடு ரசிகர்களை ஆறு மாதத்துக்கு மேல் காக்க வைத்தார்கள். தொலைக்காட்சி வரலாற்றில் கதாபாத்திரங்களின் தலைவிதியைப் பற்றி ரசிகர்கள் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறார்கள். ஆனால் அன்பு எங்கே கோபமாக மாறுகிறது என்பதை இந்தச் சண்டை காட்டிய அளவுக்கு வேறொன்று காட்டியதாகத் தெரியவில்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ராபர்ட் கிர்க்மன் 2003-ல் எழுதத் தொடங்கிய காமிக்ஸ்தான் இதற்கு மூலம். இறந்தவர்கள் பிணமாகவே எழுந்து நடமாடி உயிரோடிருப்பவர்களைக் கடிக்கிற உலகம். கோமாவிலிருந்து கண் விழிக்கும் ரிக் என்ற போலீஸ்காரன், மனைவியையும் மகன் கார்லையும் தேடிப் புறப்படுகிறான். வழியில் ஒருவர் இருவராகச் சேர்ந்து ஒரு கூட்டம் உருவாகிறது. 2010 அக்டோபர் 31 அன்று தொடங்கிய தொடர், 2022 நவம்பர் வரை 11 சீசன்கள், 177 அத்தியாயங்கள் ஓடியது. நடமாடும் பிணங்களைப் பார்த்துப் பயப்படுவதெல்லாம் ஆரம்பத்தோடு சரி. போகப்போக, பசியில் இருக்கும் மனிதன் இன்னொரு மனிதனை என்ன செய்வான் என்பதுதான் கதையானது. யார் வேண்டுமானாலும் எந்த வாரமும் சாகலாம். நாயகனின் மனைவியே மூன்றாவது சீசனில், பிரசவத்தில் செத்துப்போனாள்.

ஆகவே இந்தத் தொடரின் ரசிகர்கள் கூடினாலே பேச்சு ‘அடுத்தது யார்?’ என்றுதான் தொடங்கும். தொலைக்காட்சிக்காரர்களும் அதைப் புரிந்துகொண்டு, பேசுவதற்கென்றே 2011-ல் ‘டாக்கிங் டெட்’ என்ற நேரலை நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். அத்தியாயம் முடிந்த கையோடு நடிகர்கள், எழுத்தாளர்கள், தொடரின் மேல் பித்துப்பிடித்த பிரபலங்கள் சோபாவில் உட்கார்ந்து அலசுவார்கள். அந்த வாரம் செத்தவர்களுக்கு ஓர் அஞ்சலிப் பட்டியலும் ஓடும். சீக்கிரமே ரசிகர்கள் ஒரு சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார்கள். வரப்போகும் விருந்தினரின் பெயரைச் சொல்லாமல், ‘தொடரிலிருந்து ஒருவர்’ என்று மட்டும் அறிவித்தால் அந்த வாரம் யாரோ ஒருவருக்கு முடிவு நிச்சயம். செத்த பாத்திரத்தின் நடிகர்தான் வந்து சோபாவில் உட்காருவார்.

இவர்களை ஏமாற்றுவது எளிதல்ல. ஏனென்றால் காமிக்ஸைப் படித்தவர்களின் கையில் கதையின் வரைபடம் முன்பே இருந்தது. தொடரை எழுதியவர்களுக்கும் அது தெரியும். அதனால் அவர்கள் சாவுகளை இடம் மாற்றினார்கள். காமிக்ஸில் டைரீஸ் என்பவனின் கழுத்தில் விழுந்த வாள், 2013 டிசம்பர் 1 அன்று தொடரில் பெரியவர் ஹெர்ஷலின் கழுத்தில் விழுந்தது. காமிக்ஸில் சீக்கிரமே இறந்துவிடும் கேரல், தொடரில் கடைசி அத்தியாயம் வரை வாழ்ந்தாள். காமிக்ஸில் நெடுங்காலம் ரிக்கின் துணையாக இருந்த ஆண்ட்ரியாவை, தொடர் மூன்றாவது சீசனோடு அனுப்பிவிட்டது. டாரில் என்ற குறுக்குவில் வீரன் காமிக்ஸிலேயே கிடையாது. எனவே அவன் விதியை யாராலும் கணிக்க முடியவில்லை. அவனுக்காக ரசிகர்கள் ‘டாரில் செத்தால் கலவரம்தான்’ என்று டி-ஷர்ட்டே அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

கிளென் கதைக்கு வருவோம். முதல் அத்தியாயத்தின் முடிவில், பிணங்கள் சூழ்ந்த ராணுவ டாங்கிக்குள் ரிக் மாட்டிக்கொண்டு தவிக்கிறான். உள்ளே இருக்கும் ரேடியோ திடீரென்று கரகரக்கிறது. டாங்கிக்குள் இருக்கும் முட்டாளைப் பார்த்து, உள்ளே சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்கிறது ஓர் இளைஞனின் குரல். அதுதான் கிளென். பழைய உலகத்தில் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்தவன். அட்லாண்டாவின் சந்துபொந்தெல்லாம் அத்துப்படி. முன்பின் தெரியாத ஒருவனுக்காக உயிரைப் பணயம் வைத்ததுதான் அவன் தொடரில் செய்த முதல் காரியம். கடைசி வரை அவன் குணம் அதுவாகவே இருந்தது. சுற்றிலும் எல்லோரும் கல்லாகிக்கொண்டே போகையில், உயிருள்ள மனிதன் எவனையும் கொல்லாமல் வெகுகாலம் தாக்குப்பிடித்தவன் அவன்.

அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. கிளென்னாக நடித்த ஸ்டீவன் யுன், கொரியாவின் சியோலில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிழக்காசிய முகம் கொண்ட ஆண் என்றால் கம்ப்யூட்டர் மேதையாகவோ, சண்டைக்காரனாகவோ, கேலிக்குரியவனாகவோதான் பெரும்பாலும் வருவான். காதலிக்கிறவனாக, காதலிக்கப்படுகிறவனாக வருவது அபூர்வம். கிளென்னோ ஹெர்ஷலின் மகள் மேகியைக் காதலித்துக் கைப்பிடித்தான். மொத்தத் தொடரிலும் உருப்படியாக நிலைத்த ஜோடி என்றால் முதலில் நினைவுக்கு வருவது அவர்கள்தான். ஆசிய அமெரிக்க ரசிகர்கள் பலருக்கு அவன் வெறும் கதாபாத்திரமாக இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

இதே கண்ணோட்டத்தில் கறுப்பின ரசிகர்களுக்கும் ஒரு மனக்குறை இருந்தது. டி-டாக் என்ற பாத்திரத்துக்கு இரண்டு சீசனுக்கும் மேலாக வசனமே சொற்பம், பிறகு சாவு. ஐந்தாவது சீசனில் பாப், டைரீஸ், நோவா என்று மூன்று கறுப்பின ஆண்கள் அடுத்தடுத்துப் போனார்கள். யார் சாகிறார்கள் என்பதோடு, யாருக்கு வாழ நேரம் தரப்படுகிறது என்பதையும் ரசிகர்கள் எண்ணிக்கொண்டுதான் வந்தார்கள். அந்தக் கணக்கு நியாயமானது.

காமிக்ஸின் 100-வது இதழ் 2012 ஜூலையில் வந்தது. அதில் நீகன் மட்டையால் அடித்துக் கொல்வது கிளென்னைத்தான். ஆக, தொடரில் அவன் தலைக்கு மேல் மட்டை தொங்குவது மூன்று வருஷத்துக்கு மேலாக ஊரறிந்த ரகசியம். அந்தச் சாவை வேறு யாருக்காவது மாற்றுவார்களா என்பதே வாதம்.

இந்த நிலையில்தான் 2015 அக்டோபர் 25 வந்தது. ஆறாவது சீசனின் மூன்றாவது அத்தியாயம். கிளென்னும் நிக்கலஸ் என்ற கோழையும் ஒரு சந்தில் பெரிய குப்பைத் தொட்டியின் மேல் ஏறி நிற்கிறார்கள். சுற்றிலும் நூற்றுக்கணக்கில் பிணங்கள். நம்பிக்கை இழந்த நிக்கலஸ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு சாய, அவனோடு சேர்ந்து கிளென்னும் கூட்டத்துக்குள் விழுகிறான். அடுத்து கிளென்னின் முகம் மட்டும் தெரிகிறது. அலறுகிறான். மார்புக்கருகே பிணங்கள் குடலைப் பிடுங்கி இழுக்கின்றன. காட்சி முடிந்தது.

அன்றிரவு உலகெங்கும் ரசிகர்கள் செய்த வேலை, திறமையான துப்பறிவாளர்கள் செய்கிற வேலை. காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். விழும்போது மேலே இருந்தது நிக்கலஸின் உடல், கிளென் அடியில் கிடந்தான். அப்படியானால் பிணங்கள் பிடுங்கியது யாருடைய குடல்? பக்கத்திலேயே குப்பைத் தொட்டி இருக்கிறதே, அதன் அடியில் ஒரு மனிதன் ஊர்ந்து போக இடம் உண்டா? இதைவிட வலுவான தடயங்கள் ‘டாக்கிங் டெட்’டில் கிடைத்தன. ஸ்டீவன் யுன் வரவில்லை. அஞ்சலிப் பட்டியலில் கிளென் பெயர் இல்லை. தொடரின் எழுத்துக்கும் தயாரிப்புக்கும் பொறுப்பாளரான ஸ்காட் கிம்பிள் அனுப்பிய குறிப்பு வாசிக்கப்பட்டது. கிளென்னை ஏதோ ஒரு வடிவத்தில், நினைவுக் காட்சியிலோ நிகழ்காலத்திலோ, அல்லது அவனுடைய சில பாகங்களையாவது, மறுபடி பார்ப்போம் என்று அதில் இருந்தது. பாகங்கள் என்றால் என்ன அர்த்தம்? அந்த ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு நாலு வாரம் பேசினார்கள்.

அடுத்த அத்தியாயம் கிளென் பக்கமே போகாமல், மார்கன் என்ற இன்னொருவனின் பழைய கதையை ஒன்றரை மணி நேரம் சொன்னது. அதற்கடுத்த வாரம், மேகி கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரியவந்தது. அதற்கும் அடுத்த வாரம் ரேடியோவில் ‘உதவி’ என்று யாரோ கூப்பிட்ட குரலைக் கேட்டு, அது கிளென்னா இல்லையா என்று ஒரு புதுச் சண்டை. ரேடியோவில் குரலாகத்தானே அவன் முதன்முதலில் வந்தான்? இதற்கிடையில் தொடக்கத்தில் வரும் நடிகர் பட்டியலிலிருந்து யுன்னின் பெயரையே எடுத்துவிட்டார்கள். நவம்பர் 22 அன்று விடை வந்தது. கிளென் குப்பைத் தொட்டிக்கு அடியில் ஊர்ந்து போய்த் தப்பியிருக்கிறான். காட்சியை நிறுத்திப் பார்த்தவர்கள் சொன்னது அச்சு அசலாக அப்படியே நடந்திருந்தது.

கண்டுபிடித்தவர்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முழுச் சந்தோஷம் வரவில்லை. சாவு என்பது இந்தத் தொடரில் திரும்ப முடியாத ஒன்று. அந்த உறுதியின் மேல்தான் ரசிகர்களின் பயமும் பாசமும் கட்டப்பட்டிருந்தன. அதை ஒரு கண்கட்டு வித்தையாக்கி, நடிகர் பட்டியல் வரைக்கும் அதற்குள் இழுத்துவிட்டார்களே என்ற கசப்பு அப்போதே தொடங்கிவிட்டது. அதே சீசனின் முடிவில் மறுபடியும் ஒரு திரையிட்ட சாவு என்றபோது, அந்தக் கசப்பு பொங்கி வழிந்தது.

2016 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை நடந்தது, ஒரு நிறுவனத்துக்கும் அதன் மிகத் தீவிரமான ரசிகர்களுக்கும் இடையிலான ஓட்டப்பந்தயம் என்றே சொல்லலாம். இருட்டுத் திரையில் கேட்ட அலறல்களைப் பிரித்தெடுத்து யாருடைய குரல் இல்லை என்று தேடினார்கள் சிலர். வேறு சிலர் தர்க்கத்தில் இறங்கினார்கள். காமிக்ஸில் கண்ணில் அம்பு பாய்ந்து சாகிறவன் ஆபிரகாம் என்ற முன்னாள் ராணுவவீரன். தொடரில் அந்தச் சாவை டெனிஸ் என்ற மருத்துவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் ஆபிரகாமுக்கு வேறு ஒரு சாவு பாக்கி இருக்கிறது. அது அந்த மட்டைதான் என்றது ஒரு கட்சி. இல்லை, 100-வது இதழை மாற்றும் துணிச்சல் இவர்களுக்கு வராது, கிளென்தான் என்றது இன்னொரு கட்சி.

படப்பிடிப்பு நடந்தது ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்குத் தெற்கே இருக்கும் செனோயா என்ற சின்ன ஊரைச் சுற்றி. ஊருக்கு எந்த நடிகர் வந்தார், யார் வரவில்லை என்று கவனிப்பதையே வேலையாக வைத்திருந்த ‘தி ஸ்பாய்லிங் டெட் ஃபேன்ஸ்’ என்ற ரசிகர் குழுவுக்கு, ஜூன் மாதம் ஏ.எம்.சி.யின் வழக்கறிஞர்களிடமிருந்து எச்சரிக்கை வந்தது. செத்தது யார் என்ற கணிப்பை வெளியிட்டால் பதிப்புரிமை வழக்கு போடுவோம் என்றார்கள். குழு வாயை மூடிக்கொண்டது. ரசிகன் ஊகிப்பது உரிமை மீறலா என்ற கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை. தயாரிப்பாளர்களோ வரிசையில் இருந்த மற்றவர்கள் அடிபட்டுச் சாவது போலவும் போலிக் காட்சிகள் எடுத்துவைத்தார்கள், ஒளிந்து பார்க்கிறவர்களைக் குழப்புவதற்காக.

கடைசியில் அக்டோபர் 23 அன்று இரண்டு கட்சியும் ஜெயித்தது, இரண்டும் தோற்றது. முதல் அடி ஆபிரகாமுக்கு. அதைப் பார்த்துத் தாங்காத டாரில் பாய்ந்து நீகனின் முகத்தில் குத்துகிறான். அந்தக் குத்துக்குத் தண்டனையாக நீகன் திரும்பி, எதிர்பாராத நேரத்தில் கிளென்னை அடிக்கிறான். நசுங்கிய தலையோடு, ஒரு கண் பிதுங்கிய நிலையில், கிளென் மேகியைப் பார்த்து, உன்னைக் கண்டுபிடிப்பேன் என்று குழறுகிறான். கண் பிதுங்கிய அந்தக் கோலத்தைக் காமிக்ஸில் வரைந்திருந்தபடியே கொண்டுவந்திருந்தார்கள். காகிதத்தில் கறுப்பு வெள்ளைக் கோடாக இருந்தது, சதையும் ரத்தமுமாக வந்தபோது பலரால் பார்க்க முடியவில்லை. அமெரிக்காவின் பெற்றோர் தொலைக்காட்சிக் கவுன்சில் கடுமையாகக் கண்டித்தது. அன்றைய ‘டாக்கிங் டெட்’ ஹாலிவுட் ஃபாரெவர் கல்லறைத் தோட்டத்திலிருந்தே நேரலையாக நடந்தது. மொத்த நடிகர் கூட்டமும் வந்திருந்தது, ரசிகர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வாரம் பார்வையாளர் எண்ணிக்கை 1.25 கோடிக்கு இறங்கியது. அதன் பிறகு அந்த 1.7 கோடி திரும்பவே இல்லை. 2022-ல் கடைசி அத்தியாயத்தை அன்றே தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் 23 லட்சம் பேர்கூட இல்லை. இந்தச் சரிவுக்கெல்லாம் கிளென் ஒருவனே காரணம் என்று சொல்வது தப்பு. நேரத்துக்கு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதே அந்த வருஷங்களில் குறைந்துபோனது. ஆனாலும் அந்த இரவோடு தொடரை விட்டவர்கள் ஏராளம். அவர்கள் விட்டது கிளென் செத்ததால் அல்ல என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஹெர்ஷலின் சாவும் குரூரமானதுதான். கைகட்டி மண்டியிட வைத்து வெட்டினார்கள், மகள்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக ரசிகர்கள் அழுதார்கள், தொடரைத் திட்டவில்லை. அந்தச் சாவு வந்த அன்றே முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தது. கிளென்னின் சாவை முதலில் பொய்யாக ஒரு முறை விற்று, பிறகு இருட்டில் மறைத்து ஆறு மாதம் விற்று, மூன்றாவது முறைதான் கொடுத்தார்கள். கிளென்மேல் வைத்திருந்த அக்கறையையே தூண்டில் புழுவாக்கிவிட்டார்கள் என்று ரசிகர்கள் உணர்ந்தார்கள். அந்த உணர்வில் நியாயம் இருக்கிறது.

தொடரே அந்தக் காயத்துக்கு மருந்து போட முயன்ற இடமும் உண்டு. அதே ஏழாவது சீசனின் பின்பாதியில், நீகனின் ஆட்கள் மேலே சோதனை போட, மேகியும் டாரிலும் நிலவறைக்குள் ஒளிந்திருப்பார்கள். தன் குத்தால்தான் கிளென் செத்தான் என்று டாரில் அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் ஒதுங்கியே இருந்தவன். அவள் அவனைத் தன்னைப் பார்க்கச் சொல்கிறாள். அவன் உடைந்துபோய் மன்னிப்புக் கேட்கிறான். உன் தப்பில்லை, நீயும் இந்த உலகத்தில் இருக்கும் நல்லவைகளில் ஒன்று, கிளென்னும் அப்படித்தான் நினைத்தான் என்கிறாள். சத்தமில்லாத, சில நிமிடக் காட்சி. கிளென் செத்த அத்தியாயத்தை இரண்டாம் முறை பார்க்க மறுக்கும் ரசிகர்கள்கூட இதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுண்டு.

அடுத்த அதிர்ச்சி கார்ல். முதல் அத்தியாயத்திலிருந்து ரசிகர்களின் கண்ணெதிரே சிறுவனாக இருந்து வாலிபனாக வளர்ந்தவன். எட்டாவது சீசனில் ஒரு பிணம் அவனைக் கடித்தது 2017 டிசம்பரில் தெரியவந்தது, 2018 பிப்ரவரியில் இறந்தான். நடித்த சாண்ட்லர் ரிக்ஸின் தந்தையே வெளிப்படையாகக் கசந்துகொண்டார். கிம்பிளை நீக்கச் சொல்லிப் பல்லாயிரம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். இங்கே ரசிகர்களின் வாதம் உணர்ச்சியைச் சார்ந்ததல்ல, கட்டுமானத்தைச் சார்ந்தது. இந்தக் கதையே ஒரு தகப்பன் தன் மகனுக்காக உலகத்தை மீட்கும் கதை. மகன் போன பிறகு யாருக்காக?

கிர்க்மன் காமிக்ஸில் வைத்திருந்த பதில் இதற்கு நேரெதிர். 192-வது இதழில் ரிக்கை ஓர் அற்பப் பணக்காரப் பையன் படுக்கையறையில் சுட்டுக் கொல்கிறான். அடுத்த இதழில், வருஷங்கள் கழிந்து, வளர்ந்து குடும்பஸ்தனான கார்ல் தகப்பன் விட்டுப்போன உலகத்தில் வாழ்கிறான். 2019 ஜூலையில் வந்த அந்த 193-வது இதழ்தான் கடைசி என்று யாருக்கும் சொல்லவில்லை. வராத இதழ்களுக்கு அட்டைப்படம்கூடத் தயாரித்து அறிவித்திருந்தார் கிர்க்மன். அதுவும் ரசிகர்களை ஏமாற்றியதுதான். ஆனால் இந்தத் தடவை பெரும்பாலோர் நெகிழ்ந்துபோனார்கள். ஒளித்து வைத்ததற்குப் பின்னால் தரத் தகுந்த ஒன்று இருந்தது. தொடரிலோ மகன் செத்தான், தகப்பன் பிழைத்தான். 2018 நவம்பரில் பாலத்தோடு வெடித்துச் சிதறியதாகக் கூட்டத்தார் நம்பிய ரிக்கை ஒரு ஹெலிகாப்டர் தூக்கிக்கொண்டு போனது. 2024-ல் ‘தி ஒன்ஸ் ஹூ லிவ்’ என்ற ஆறு அத்தியாயக் கிளைத்தொடரில் அவன் திரும்பி வந்தான்.

கிளென்னாக நடித்த ஸ்டீவன் யுன் அதன் பிறகு எங்கோ போய்விட்டார். ‘மினாரி’ படத்துக்காக 2021-ல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். அந்தப் பிரிவில் ஆசிய அமெரிக்கர் ஒருவர் பரிந்துரைக்கப்பட்டது அதுதான் முதல் முறை. ‘பீஃப்’ தொடருக்காக எம்மி விருதும் கிடைத்தது. ரசிகர்களின் இன்றைய சண்டை கிளென்னைப் பற்றியல்ல, அவனைக் கொன்றவனைப் பற்றி.

இந்தச் சண்டைக்கு, நீகனாக நடித்த ஜெஃப்ரி டீன் மார்கனின் வசீகரம் ஒரு காரணம். தோற்ற பிறகு நீகன் கொல்லப்படவில்லை, சிறையில் அடைக்கப்பட்டான். மெல்ல மாறினான். 2021 ஏப்ரலில் வந்த ஓர் அத்தியாயம் அவனுடைய பழைய வாழ்க்கையைச் சொன்னது. மட்டைக்கு வைத்த லூசில் என்ற பெயர், புற்றுநோயால் அவதிப்பட்ட அவன் மனைவியின் பெயர். அந்த மனைவியாக நடித்தவர் மார்கனின் நிஜ மனைவி ஹிலரி பர்டன். பார்த்தவர்களில் ஒரு பாதி இளகியது. இன்னொரு பாதி, கிளென்னின் கண் பிதுங்கியதை மறந்துவிட்டீர்களா என்று கேட்டது. 2022 நவம்பர் 20, கடைசி அத்தியாயத்தில் நீகன் மேகியிடம் மன்னிப்புக் கேட்டான். அவன் செய்த உதவிக்கு நன்றி சொன்ன அவள், இனி வெறுக்க விருப்பமில்லை, ஆனால் மன்னிக்க முடியவில்லை என்றாள். அந்தப் பதிலை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டது.

2023 ஜூனில் தொடங்கிய ‘டெட் சிட்டி’ என்ற கிளைத்தொடர் அந்த இருவரையும் ஒரே பாதையில் சேர்த்துவிட்டது. கிளென்னின் மகனைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். பாட்டனார் ஹெர்ஷலின் பெயரையே அவனுக்கு வைத்திருக்கிறாள் மேகி. அவனை மீட்க நீகனின் தயவை நாடி அவள் பாழடைந்த மன்ஹாட்டனுக்குள் போகிறாள். இரண்டாவது சீசனும் 2025-ல் வந்துவிட்டது. கணவனைக் கொன்றவனை அருகில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எத்தனை காலம் நடக்க முடியும், அவளை அப்படி நடக்கவைக்க எழுதுகிறவர்களுக்கு உரிமை உண்டா என்று ரசிகர்கள் இப்போதும் காரசாரமாக மோதிக்கொள்கிறார்கள். அவர்களில் பலர் 2016-லேயே இந்தத் தொடரை விட்டுவிட்டதாகச் சொன்னவர்கள்.